பையில் 30 பொம்மை மீன்... கடல் கேட்டது ஒன்றைத்தான்! கோவளத்தில் ஒரு தூண்டில் ஞாயிறு

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தேகால் மணி. கோவளம் ஊருக்குள் டீக்கடை பாய்லர் அப்போதுதான் ஆவி விட ஆரம்பித்திருக்கிறது. மெயின் ரோட்டில் காரை ஓரம் கட்டிவிட்டு அப்பாவும் மகளும் இறங்குகிறார்கள். அப்பா மேடவாக்கத்தில் இருந்து வருகிறார், தனியார் நிறுவன ஊழியர். மகள் ஏழாம் வகுப்பு. அப்பாவின் தோளில் ஒரு பை, கையில் பத்தடி நீளத் தூண்டில். மகள் கையில் பிஸ்கட் பாக்கெட்.

இது அவர்களுக்கு மூன்றாவது ஞாயிறு. முதல் இரண்டு ஞாயிறும் ஒரு நெத்திலிகூட மாட்டவில்லை. "அந்தப் பெட்ரோல் காசுக்குக் காசிமேட்டுல வஞ்சிரமே வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில் அம்மா சொல்லிவிட்டார். அவர் தூத்துக்குடிக்காரர். மீன் விஷயத்தில் அவரிடம் யாரும் வாயாட முடியாது.

சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு பாலம் தாண்டியதும் இடதுபுறம் திரும்பினால் கோவளம். தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில், மீனவர் குப்பத்து அம்மன் கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கும் சின்ன ஊர். ஆற்காடு நவாப் காலத்தில் இங்கே ஒரு கோட்டை இருந்தது, 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார் என்பது சரித்திரம். இன்றைக்கு ஊரின் அடையாளம் அலைச்சறுக்கு விளையாட்டும், 2021-ல் கிடைத்த நீலக்கொடிச் சான்றும். அந்த நீலக்கொடிப் பகுதி குளிப்பவர்களுக்கும் குழந்தைகளுக்குமான இடம். தூண்டில்காரர்கள் அங்கே நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. அவர்கள் போவது ஊருக்கு வடக்கே, முட்டுக்காட்டுக் காயல் கடலில் கலக்கும் முகத்துவாரத்துப் பக்கம்.

வெயில் காலத்தில் அந்த வாயை மணல் திட்டு அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயல் நிரம்பித் திட்டு உடையும். உடைந்த பிறகு சில மாதங்களுக்குக் காயலில் வளர்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் கடலுக்கு வரும். அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து காத்திருக்கும். கொடுவா, காலா, பாரை, ஷீலா எல்லாம் கரையில் நிற்கும் மனிதனின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வருவது இந்தப் பருவத்தில்தான்.

13 அடி ராட் செய்த வேலை

அப்பாவின் முதல் தவறு கடையில் நடந்தது. "பீச்ல போட ராட் வேணும்" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் 13 அடி ராட் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. கரையில் இருந்து மீன் பிடிக்கப் பலர் வாங்குவது அதைத்தான். ஆனால் அந்த ராட் இரை கோத்து, 100 கிராமுக்கு மேல் ஈயக்குண்டு கட்டி, அலைக்கு வெளியே எறிந்துவிட்டு, மணலில் குழாய் நட்டுச் சாத்தி வைப்பதற்கானது. கிழங்கான் பிடிப்பவருக்கும் திருக்கை பிடிப்பவருக்கும் அருமையான சாமான்.

பொம்மை மீனுக்கு, அதாவது கடைக்காரர்கள் 'லூர்' என்று சொல்லும் செயற்கை இரைக்கு, அது ஆகாது. லூரின் எடை 20, 30 கிராம்தான். வில்லை வளைத்தால்தானே அம்பு பாயும்? 20 கிராமுக்கு அந்தத் தடித்த ராட் வளையவே வளையாது. முதல் ஞாயிறு அப்பா முழு பலத்தையும் போட்டு வீசியும் லூர் முதல் அலையைத் தாண்டவில்லை. பதினைந்து நிமிடத்தில் தோள் வலி. லூர் தூண்டிலைச் சாத்தி வைக்க முடியாது. வீசி இழுக்க வேண்டும், மறுபடி வீசி இழுக்க வேண்டும். ஒரு காலைப் பொழுதில் இருநூறு முறைகூட வீச வேண்டி வரும்.

இரண்டாவது ஞாயிறுக்குள் ராட் மாறிவிட்டது. ஒன்பது அல்லது பத்தடி, கைப்பிடிக்கு மேலே '20–60 கிராம்' என்று அச்சிட்டிருக்கும் ராட். வாங்கும்போது பார்க்க வேண்டிய எழுத்து அதுதான். நிறமும் பிராண்டும் பிறகு. ரீலில் 4000 அல்லது 5000 அளவு போதும். அதற்குமேல் போனால் கை கனக்கும், கீழே போனால் நரம்பு கொள்ளாது.

ராட் சரியானது, பை சரியாகவில்லை. ஆன்லைனில் தள்ளுபடி என்று அவர் வாங்கிக் குவித்த லூர்கள் முப்பதுக்கு மேல். பச்சை, ஆரஞ்சு, தவளை மாதிரி ஒன்று, எலி மாதிரி ஒன்று. எலி எதற்கு என்று மகள் கேட்டதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. (ஏரியில் விரால் பிடிக்கும் தவளையும் எலியும் கடலுக்கு எதற்கு?)

"மீனு சிரிக்கும் சார்!"

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு பெரியவர் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் கட்டுமரம், பிறகு ஃபைபர் படகு. இப்போது முழங்கால் வலியால் கடலுக்குள் போவதில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் சுற்றிய தங்கூஸ் நரம்பு. ராட், ரீல் எதுவும் இல்லை.

அப்பா பையைத் திறந்து பரப்பியதும் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பொம்மைக் கடை வெச்சிக்கினு வந்துக்கிறீங்க? இத்தயெல்லாம் பாத்தா மீனு சிரிக்கும் சார்!"

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மகளுக்குச் சிரிப்பு.

"எதைப் போடணும் தாத்தா?"

"பொட்டிய அப்பறம் பாரு பாப்பா. மொதல்ல தண்ணியப் பாரு. இன்னா தெரியுது?"

மகள் பார்த்தாள். அலைகள் வரிசையாக வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும், ஏறக்குறைய இரண்டு பேருந்து நீளத்துக்கு, அலை உடையாமல் அப்படியே வந்தது. அங்கே தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. அதற்கு மேலே நாலைந்து ஆலாப் பறவைகள் சுற்றிச் சுற்றி, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தன.

"குருவி விழுது தாத்தா."

"அதான்!" என்றார் பெரியவர். "அங்க நெத்திலி நிக்குது. கீழேந்து யாரோ தொரத்துறான்."

மணல் மேடாக இருக்கும் இடத்தில் அலை உடையும். பள்ளமாக இருக்கும் இடத்தில் உடையாது. அந்தப் பள்ளம்தான் பெரிய மீன் கரைக்கு வரும் வாசல். கரையோர ஒழுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அடுத்த கேள்வி. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் சென்னை மீனவர்கள் 'வன்னி' என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே என்றால் 'தெண்டி'. அன்றைக்கு வன்னி. கடலைப் பார்த்து நின்றால் லூர் வலது பக்கம் இழுபடும். எனவே பள்ளத்துக்கு நேராக நின்று வீசாமல், அதற்கு இடது பக்கமாக வீசி, ஒழுக்கோடு பள்ளத்துக்குள் வர விட வேண்டும். இரண்டு ஞாயிறாக அப்பா எங்கே கூட்டம் இல்லையோ அங்கே நின்று வீசியிருக்கிறார்!

காற்றும் அப்படித்தான். அதிகாலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி, முதுகுப் பக்கமிருந்து வீசும். இறகு மாதிரி லேசான லூர்கூடத் தூரம் போகும். முற்பகலில் கடல் காற்று எழும்பி முகத்தில் அடித்ததும் அதே லூர் திரும்பி வந்து காலடியில் விழும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடும் தூண்டில்காரர்கள் சோம்பேறிகள் இல்லை.

எந்த வேலைக்கு எந்த லூர்?

பெரியவர் பையைக் கிளறினார். பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, எடை பார்த்து, இது எப்படி நீந்தும் என்று சரியாகச் சொன்னார்.

உலோகத்தில் செய்த ஸ்பூன், ஜிக் ஆகியவைதான் கடற்கரையில் முதலில் வாங்க வேண்டியவை. சின்னது, கனமானது, காற்றைக் கிழித்துப் போகும். விலையும் குறைவு. 28 கிராமில் ஒன்றும் 40 கிராமில் ஒன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நெத்திலி, கவலை மாதிரி சின்ன வெள்ளி மீன்களைப் பெரிய மீன் துரத்தும்போது இதற்கு ஈடு கிடையாது. வேகமாகச் சுழற்ற வேண்டும். மெதுவாக இழுத்தால் மணலில் போய்ப் படுத்துவிடும்.

வாய்க்குக் கீழே கண்ணாடித் தகடு மாதிரி ஒரு நாக்கு நீட்டிய பிளாஸ்டிக் மீனுக்கு 'மின்னோ' என்று பெயர். அந்த நாக்கு தண்ணீரை வெட்டுவதால் மீன் உடம்பை ஆட்டி ஆட்டி வரும். நாக்கு நீளமாக இருந்தால் ஆழம் போகும். கரையில் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பதால் குட்டை நாக்கு போதும். முகத்துவாரத்தில் மெதுவாக இழுத்தால் கொடுவா இதற்கு மயங்கும்.

பின்லாந்தில் லவுரி ராப்பாலா என்ற மீனவர் 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி இப்படியொரு மீன் செய்தார். பெரிய மீன்கள் கூட்டத்தில் நொண்டியடிக்கும் மீனைத்தான் குறிவைக்கின்றன என்பதைப் படகில் உட்கார்ந்து கவனித்தவர் அவர். மீன் மாதிரி இருப்பதைவிட, அடிபட்ட மீன் மாதிரி ஆடுவதுதான் முக்கியம் என்பது அவர் கண்டது. கோவளத்துப் பெரியவருக்கு ராப்பாலாவைத் தெரியாது. அவருடைய டப்பாவில் இருந்ததோ, அரிசிச் சாக்கிலிருந்து உருவிய வெள்ளை நூலைக் குஞ்சம் மாதிரி கட்டிய தூண்டில் முள். "இழுக்கச் சொல்ல சடக் சடக்னு விட்டு விட்டு இழுக்கணும். நேரா போனா அது நல்லா இருக்கிற மீனு. நல்லா இருக்கிறத எவன் தொரத்துவான்?"

'பாப்பர்' என்பது வாய் குழிந்த மிதக்கும் கட்டை. இழுத்தால் தண்ணீரைத் துப்பிச் சத்தம் போடும். பாரைக்குக் கோபமூட்டும் சாமான். ஆனால் அலை நுரைத்துக் கொதிக்கும் இடத்தில் இந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது. கடல் தெளிந்து அமைதியாக இருக்கும் நாளுக்கு எடுத்து வைக்கலாம்.

ரப்பர் மீனைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். ஈயத்தலை முள்ளில் கோத்து அடியோடு துள்ள விட்டால் காலாவும் கொடுவாவும் கடிக்கும். பார்க்க உயிர் மீன் போலவே இருக்கும், அதனால் புதியவர்கள் இதைத்தான் அதிகம் வாங்குகிறார்கள். கோவளத்தில் இதற்கு ஒரு வில்லன் உண்டு. பேத்தை! கிளி மூக்கு மாதிரிப் பல்லை வைத்துக்கொண்டு வாலை மட்டும் கத்தரித்துவிட்டுப் போய்விடும். இரண்டாவது ஞாயிறு அப்பாவின் ஆறு ரப்பர் மீன்கள் வால் இல்லாமல் திரும்பியதன் ரகசியம் இதுதான். தப்பித் தவறி பேத்தை மாட்டினால் உடனே கடலில் விட்டுவிட வேண்டும். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் உண்டு. விடியற்காலையிலும் கலங்கல் தண்ணீரிலும் வெள்ளையோ பளிச்சென்ற மஞ்சளோ, வெயில் ஏறியதும் வெள்ளியோ நீலமோ. இவ்வளவு போதும். கடலில் ஓடும் சின்ன மீன் விரல் நீளம் என்றால் லூரும் விரல் நீளம் இருக்கிறதா என்பதுதான் நிறத்தைவிடப் பெரிய கேள்வி.

முப்பதில் பெரியவர் எடுத்தது, ஓர் ஓரமாகக் கிடந்த 28 கிராம் வெள்ளி ஜிக். அப்பா அதைத் தனியாக வாங்கவில்லை. ஏதோ ஆர்டருக்கு இலவசமாக வந்தது.

முள் யார் காலில் குத்தும்?

ஜிக்கைக் கையில் வைத்துக்கொண்டே பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். அப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

போன வருடம் அவருடைய பேரன் மணலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, யாரோ அறுத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் மீன் ஒன்றை மிதித்துவிட்டான். அடியில் மூன்று முள் கொத்து. இரண்டு முள் பாதத்தில் இறங்கிவிட்டது. முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் எதிர்முள் வெளியே வர விடவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். "இங்க புள்ளைங்க எல்லாம் வெறுங்கால்ல ஓடும் சார். நீங்க ஷூ போட்டுக்கினு வருவீங்க."

அப்பா எதுவும் சொல்லவில்லை. முதல் ஞாயிறு அவரும் இரண்டு லூர்களை அலையில் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

லூர் அறுந்து போவது பெரும்பாலும் துரதிர்ஷ்டம் இல்லை, நரம்புத் தேர்வுதான். லூருக்குப் பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, நல்லது. மெல்லியது, நீளாது, தூரம் போகும். ஒன்றரை அல்லது இரண்டு நம்பர் போதும். ஆனால் கல்லிலோ சிப்பியிலோ உரசினால் நொடியில் அறுந்துவிடும். அதனால் அதன் முனையில் ஒரு கை நீளத்துக்காவது 30, 40 பவுண்டு தாங்கும் தடித்த ஒற்றை நரம்பை முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும். இதை 'லீடர்' என்கிறார்கள். அப்பா இதைத் தவிர்த்திருந்தார். முடிச்சு போடத் தெரியவில்லை என்பதுதான் உண்மைக் காரணம்.

ரீலின் தலையில் இருக்கும் 'டிராக்' திருகையும் அவர் இறுக்கி வைத்திருந்தார். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கு நரம்பு தானாக வெளியே ஓட வேண்டும். அப்படி ஓடவில்லை என்றால் பெரிய மீன் ஒரே உதறில் லூரோடு போய்விடும்.

பெரியவர் குறடு வாங்கி ஜிக்கின் எதிர்முள்ளை நசுக்கினார். நரம்பைத் தொய்ய விடாமல் இருந்தால் மீன் தப்பாது. மனிதக் காலில் ஏறினாலும் வந்த வழியே உருவிவிடலாம். மூன்று முள் கொத்துக்குப் பதில் ஒற்றை முள் மாட்டுவதும் இப்போது நடக்கிறது. அறுந்த நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பிரெய்டு மட்கவே மட்காது. படகுக்காரர்களின் வலையில் சிக்கினால் பிரித்தெடுக்க அரை நாள் ஆகும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருவதும் இதே மணலில்தான்.

ஆறே முக்கால் மணி

சூரியன் தண்ணீரை விட்டு எழும்பிய நேரத்தில் அப்பா பள்ளத்துக்கு இடது பக்கமாக வீசினார். நான்காவது வீச்சில் ராட் குனிந்தது. ரீல் 'கிர்ர்ர்' என்று கத்தியது. மகள் குதித்தாள். ஐந்து நொடி. பிறகு நரம்பு காற்றில் ஆடியது. முனையைப் பார்த்தால் லீடர் கத்தியால் வெட்டியது போல் இருந்தது.

"ஷீலா" என்றார் பெரியவர். "பல்லு ப்ளேடு சார் அதுக்கு. கம்பி போடுலயா?"

கம்பி பையில்தான் இருந்தது, எலிக்கு அடியில். ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பி கட்டப்பட்டது. இலவச ஜிக் போய்விட்டதால் அதே அளவில் ஒரு சின்ன ஸ்பூன் மாட்டினார்கள். இந்த முறை ராட் மகளிடம். அவளுக்குத் தூரம் போகவில்லை. ஆனால் தாத்தா சொன்னபடி விட்டு விட்டு இழுத்தாள். ஏழு மணி தாண்டி, ஆலாக்கள் கரைக்கு இன்னும் நெருங்கி வந்தபோது அவள் ராட் வளைந்தது.

இழுக்கும்போது அப்பா நரம்பைக் கையில் சுற்றிப் பிடிக்கப் போனார். பெரியவர் கையைத் தட்டிவிட்டார். பிரெய்டு விரலை அறுக்கும். "அலையோட வுடு பாப்பா, அலை தூக்கினு வரும். அலை திரும்பச் சொல்ல இழுக்காத." அடுத்த அலை அதை மணலில் போட்டுவிட்டுப் போனது. வெள்ளிக் குழாய் மாதிரி நீண்ட உடம்பு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அப்பா குறடால் முள்ளைக் கழற்றினார். எதிர்முள் இல்லாததால் ஒரே திருப்பில் வந்துவிட்டது.

பெரியவர் தன் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் பையில் கிழங்கான் பத்துப் பன்னிரண்டு இருந்தது. பணம் எடுத்த அப்பாவைப் பார்த்து முறைத்தவர், அந்தத் தவளை லூரை மட்டும் பேரனுக்கு விளையாடக் கேட்டு வாங்கிக்கொண்டார், முள்ளையெல்லாம் கழற்றிய பிறகு.

கார் பக்கத்தில் நின்று மகள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா! ஷீலா பிடிச்சிட்டேன்மா! ஒரு கிலோவுக்கு மேல!"

மறுமுனையில் அம்மா வாயடைத்துப் போனார். உடனே மசாலா அரைக்கக் கிளம்பிவிட்டார். சென்னையில் 'ஷீலா' என்றால் இந்தப் பல்லுக்கார மீன். தூத்துக்குடிப் பக்கம் இதற்கு ஊளி என்று பெயர். அங்கே 'சீலா' என்றால் வஞ்சிரம்.

இதை யார் வீட்டில் சொல்வது என்று அப்பாவும் மகளும் முட்டுக்காடு பாலம் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள்.